சங்கத்துக்குப் போங்கள் தம்பி, எடைக் கணக்கோடு போங்கள்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். கப்பலூர் பக்கம் பிளாஸ்டிக் மறுசுழற்சி யூனிட் வைத்திருக்கிறோம். பெட் பாட்டிலை அரைத்துக் கழுவி ஃப்ளேக்ஸ், அதாவது சின்னச் சின்னச் சில்லு, எடுக்கிறோம், பால் கவரை உருக்கிக் குருணை போடுகிறோம். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பா 30 வருடம் நடத்தினார், ஒரு பிளாஸ்டிக் துண்டை நகத்தால் தட்டிப் பார்த்தே என்ன வகை என்று சொல்லிவிடுவார். இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே சிறுதொழில் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், சுற்றுச்சூழல் துணைக்குழுவிலும் போடுகிறோம் என்கிறார்கள். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "சால்வை போடுவான், சாப்பாடு போடுவான், சந்தா வாங்குவான், அவ்வளவுதான். நம்ம பேர் வெளியே தெரிஞ்சா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல்ல நம்ம வாசலுக்குத்தான் வரும்" என்கிறார். பெரிய கம்பெனிகள்தான் சுற்றுச்சூழல் பற்றி மேடையில் பேசுகின்றன. எங்களைப் போன்ற சின்ன ஆட்கள் சங்கம் வழியாக அரசாங்கத்திடம் என்ன பேச முடியும்? பேசினால் கேட்பார்களா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திருமங்கலம் வட்டம்

பதில்:

தம்பி, சேருங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அவர் 30 வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறார். சின்ன ஆலைகளுக்கு வாரியத்தின் இசைவாணை (ஆலை நடத்த வாரியம் தருகிற அனுமதி) வாங்கித் தருவதும் ஆண்டுக் கணக்கு எழுதித் தருவதும் 22 வருடமாக என் வேலை, அதனால் மதுரை, விருதுநகர், திண்டுக்கல் என்று பல ஊர்ச் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். சால்வைக்கு மட்டும் கூடுகிற சங்கமும் உண்டு. ஒரே ஒரு மனுவால் ஒரு தொழிலையே காப்பாற்றிய சங்கமும் உண்டு.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு சங்கத்தோடு ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனோம், ஒன்பது பேர். மனு 11 பக்கம், அதில் 14 கோரிக்கை. மின்கட்டணத்தைக் குறையுங்கள், வரியைக் குறையுங்கள், இடம் கொடுங்கள், கடன் கொடுங்கள், எல்லாவற்றுக்கும் மேலே "சுற்றுச்சூழலைக் காக்கும் எங்கள் தொழில்" என்று தலைப்பு. அந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நீங்கள் எல்லாரும் சேர்ந்து மாதம் எத்தனை டன் எடுக்கிறீர்கள்? அதில் இந்த ஊர்க் குப்பை எவ்வளவு, வெளியூரிலிருந்து வாங்குவது எவ்வளவு?" ஒருவர் இருநூறு என்றார், பக்கத்தில் இருந்தவர் ஐந்நூறு என்றார். இன்னொருவர் அதெல்லாம் சரியாகச் சொல்ல முடியாது சார் என்றார். அதிகாரி கோபப்படவே இல்லை, மனுவை மடித்து வைத்துவிட்டு "பார்க்கிறேன்" என்றார். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது எனக்கு டீ இறங்கவில்லை. அந்த மனுவை எழுதிக் கொடுத்தவளே நான்தான், அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வருத்தம் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்தச் சங்கத்துக்கு மனு எழுதினாலும் முதல் பக்கத்தில் எடை இருக்கும், கோரிக்கை அதற்குப் பிறகுதான் வரும். ஏன் என்றால், மாநகராட்சி வண்டியில் ஏறி வெள்ளக்கல் கிடங்குக்குப் போகிற குப்பை அரசாங்கத்தின் கணக்கில் வரும். வண்டியில் ஏறாமல், தெருவில் பொறுக்குகிறவர் கையிலிருந்து பழைய இரும்புக் கடைக்கும், அங்கிருந்து உங்கள் கிரைண்டருக்கும் போகிற சரக்கு இருக்கிறதே, அது யார் கணக்கிலும் முழுசாக இல்லை. அந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது, அதை எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான். இத்தனை டன்னைக் கிடங்குக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறோம் என்று பத்து யூனிட்டின் எடைச்சீட்டோடு சொல்கிற சங்கத்தை எந்த அதிகாரியும் உட்காரச் சொல்லித்தான் பேசுவார்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். வந்த மூட்டை எத்தனை கிலோ, பிரித்ததில் கழிந்தது எத்தனை கிலோ (மூடி, லேபிள், மண், ஈரம் தனித்தனியாக), வெளியே போனது எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லாரி, கரண்ட் எத்தனை யூனிட். மூன்று மாதம் போதும். துணைக்குழுவில் உட்கார்ந்ததும் மற்ற யூனிட்காரர்களிடமும் இதே நோட்டைக் கேளுங்கள், அதுதான் உங்கள் முதல் தீர்மானமாக இருக்கட்டும். தன் சரக்குக் கணக்கைப் பக்கத்துக்காரனிடம் காட்ட யாருக்கும் மனசு வராது என்பது எனக்குத் தெரியும், அதனால் தனித்தனிக் கணக்குச் சங்கச் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும், மொத்தக் கூட்டல் மட்டும் வெளியே வரட்டும்.

பேசினால் கேட்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. சுற்றுச்சூழல் விதி எதையாவது மாற்றவோ புதிதாகப் போடவோ மத்திய அரசு நினைத்தால், பொதுவாக முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணை, கருத்து கேட்கும், அதற்கு 60 நாள். 1986-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலேயே இது இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், சங்கம்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஆனால் நம் பக்கத்து யூனிட்காரர்களுக்கு வரைவு வந்த விஷயமே விதி அமலுக்கு வந்து நோட்டீஸ் கையில் கிடைக்கும்போதுதான் தெரிகிறது. சங்கத்தில் ஒரே ஒரு ஆளை, படித்த பையனோ பெண்ணோ, வாரம் ஒரு தடவை அரசிதழ் இணையதளத்தைப் பார்ப்பதற்கென்றே வையுங்கள். வரைவு வந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். எந்த விதி, என்ன வாசகம், அது எங்கள் யூனிட் தரையில் என்ன செய்யும், அதற்கு எடைக்கணக்கு இது, அந்த வாசகத்துக்குப் பதில் இந்த வாசகம் போடுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். "இந்த விதி எங்களைப் பாதிக்கும்" என்று மட்டும் எழுதினால், மாற்று வாசகத்தை அங்கே யாரோ உட்கார்ந்து யோசிக்க வேண்டும், யோசிக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 60 நாளில் பிஸ்கட் கம்பெனி, தண்ணீர்க் கம்பெனி, ஷாம்பு கம்பெனிகளின் சங்கங்களும் எழுதுகின்றன, அவர்களுக்கு இதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ல் வந்தன. 2022 பிப்ரவரி 16-ல் அதில் உற்பத்தியாளர் பொறுப்பு, நீங்கள் எல்லாரும் இ.பி.ஆர். என்று சொல்கிறீர்களே, அதற்கான வழிகாட்டுதல் சேர்ந்தது. பொருளைப் பிளாஸ்டிக்கில் கட்டி விற்கிறவர் 2023-24 முதல் அந்த எடை முழுவதற்கும் பொறுப்பு, உங்களைப் போலப் பதிவு செய்த மறுசுழற்சிக்காரர் தரும் சான்றிதழைக் காட்டித்தான் அதைக் கழிக்க வேண்டும். அதைவிட உங்களுக்குப் பெரிய விஷயம், பாட்டில் மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிச் சரக்கு 2025-26-ல் 30 சதவீதம் கலக்க வேண்டும், படிப்படியாக ஏறி 2028-29-ல் 60 சதவீதம் என்று அதில் எழுதியிருப்பதுதான். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுக் குருணை விலையும் இறங்கி, உங்கள் சரக்கைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் கோடவுனில் மூட்டை அடுக்கி வைத்திருந்த மாதங்களை அப்பாவிடம் கேளுங்கள், வருடத்தோடு சொல்வார். இந்த 30, 60 என்கிற எண்தான் அந்த மாதிரி மாதங்களில் உங்களைத் தாங்கப் போகிறது. அதைக் குறைக்கச் சொல்லியோ தள்ளிப்போடச் சொல்லியோ ஒரு பக்கம் வாதம் போகும்போது, சரக்கு இருக்கிறது, இவ்வளவு தர முடியும், இந்தத் தரத்தில் தர முடியும் என்று சொல்ல உங்கள் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டாமா? சேருங்கள் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது.

சங்கம் பேசிப் பலன் கிடைத்ததற்கு உதாரணம் வேண்டும் என்றால் உலோகக்காரர்களைப் பாருங்கள். ஒரு கடைக்காரர் ஜிஎஸ்டி எண் வாங்கிப் பில் போட்டு இரும்பு விற்பார், வரியைக் கட்டாமல் ஆளே காணாமல் போவார், துறை வந்து, வாங்கின ஆலை அந்தப் பில்லில் கொடுத்த வரிக்காக எடுத்த வரவை ரத்து செய்யும். ஒழுங்காகத் தொழில் செய்கிறவன் இரண்டு தடவை வரி கட்டுவான். இந்தியப் பொருள் மறுசுழற்சிச் சங்கம் என்று மும்பையில் ஒன்று இருக்கிறது, எம்.ஆர்.ஏ.ஐ. என்பார்கள், முன்பு உலோகத்துக்கு மட்டும் இருந்து பிறகு மற்ற பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. வரியே வேண்டாம் என்று கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பதிவில்லாத சின்னக் கடையிடம் வாங்கும்போது வரியை வாங்குகிற ஆலையே நேரடியாகக் கட்டிவிடட்டும் என்பதுதான் அவர்கள் வைத்த யோசனை. அரசுக்கு வரி வந்துவிடும், ஆலைக்குத் தலைவலி குறையும், சின்னக் கடைக்காரரும் பில் புத்தகத்துக்கு அலைய வேண்டாம். 2024 செப்டம்பரில் 54-வது ஜிஎஸ்டி கவுன்சில் உலோகக் கழிவுக்கு இதை ஏற்றது, அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவுள்ளவர்களுக்கு இடையில் விற்பனை என்றால் 2 சதவீதம் வரிப் பிடித்தமும் சேர்ந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2025 பட்ஜெட்டில் ஈயம், துத்தநாகம், லித்தியம் பேட்டரிக் கழிவு இவற்றுக்கு இறக்குமதி வரியை எடுத்தார்கள். எல்லாமே ஒரு சங்கத்தால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வருடக்கணக்காக ஒரே கோரிக்கையை, அரசுக்கும் லாபம் எங்கே என்று காட்டி, விடாமல் வைத்தார்கள்.

இந்த 2024 ஏற்பாட்டில் பிளாஸ்டிக் சேரவில்லை. பிளாஸ்டிக் கழிவுக்கு வரி 2021 அக்டோபரில் 5-லிருந்து 18 சதவீதமாக ஏறியபோது பழைய பேப்பர் கடைக்காரர்கள் எவ்வளவு திணறினார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே ஏற்பாட்டைப் பிளாஸ்டிக்குக்கும் கேட்பது உங்கள் துணைக்குழுவுக்கு நல்ல கோரிக்கை. கேட்பதற்கு முன்னால் ஆடிட்டரோடு உட்கார்ந்து, வரியைப் பணமாகக் கட்டிவிட்டு வரவு வருகிறவரை கையில் எவ்வளவு முடங்கும் என்று பாருங்கள். சின்ன யூனிட்டுக்கு அது தாங்காது என்றால் கேட்காமல் விடுவதே மேல்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசித் தார் ரோடு போடுகிற முறையைக் கண்டுபிடித்தது திருப்பரங்குன்றத்தில், உங்கள் யூனிட்டிலிருந்து கூப்பிடு தூரம். கல்லூரி வளாகத்துக்குள் ரோடு போட்டது 2002. காப்புரிமை 2006. சாலைகளுக்குத் தரம் வகுக்கிற இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு அதற்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது 2013. நகரங்களை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலைகளில் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது 2015. அவருக்குப் பத்மஸ்ரீ 2018. நடுவில் அந்த 2013 இருக்கிறதே, அதை நன்றாகப் பாருங்கள். அது வருகிறவரை ஒரு என்ஜினியர் விரும்பினால் போடலாம், விரும்பாவிட்டால் இல்லை. வழிகாட்டுதலில் ஏறிய பிறகுதான் ஒப்பந்தப் புள்ளியில், அதாவது டெண்டரில், எழுதக் காரணம் கிடைத்தது. (ரோட்டுக்குப் போக வேண்டியது வேறு எதற்கும் ஆகாத கவர்தான், நல்ல பால் கவரையும் பாட்டிலையும் தாரில் போடுவது எனக்குச் சம்மதம் இல்லை, அவை மறுபடி பொருளாகலாம்.)

இதிலிருந்து உங்கள் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டியது, டெல்லிக்கு எழுதுவதோடு நிற்காமல் மாநகராட்சியின் ஒப்பந்தப் புள்ளியிலும் கை வைப்பது. குப்பைத்தொட்டி, பூங்கா பெஞ்ச், சாலைத் தடுப்பு, மரக்கன்றுக்கு வேலி என்று மாநகராட்சி வாங்குகிற பிளாஸ்டிக் பொருள் எத்தனையோ. இத்தனை சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி அதில் சேர்ந்தால் போதும். அந்த வரியை மாதிரியாக எழுதி, தரச் சோதனை எப்படிச் செய்வது என்பதையும் எழுதி, மாதிரிப் பொருளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்து வருவது நீங்கள் மட்டுமே பேசக்கூடிய விஷயம், பாட்டிலின் வடிவமைப்பு. கழுவுகிற தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், தினமும் பார்க்கிறீர்கள். அரைத்த பாட்டிலைத் தண்ணீரில் கொட்டினால் மூடியும் வளையமும் மிதக்கும், பெட் அடியில் போகும், அள்ளிப் பிரித்துவிடலாம். ஆனால் சில குளிர்பானப் பாட்டிலில் உடம்பு முழுக்க ஒட்டிச் சுருக்கின உறை போட்டிருப்பார்கள், அது பி.வி.சி. என்றால் அதுவும் அடியில்தான் போகும், ஏனென்றால் அதன் கனமும் பெட்டின் கனமும் கிட்டத்தட்ட ஒன்று. கண்ணில் தப்பி ஒரு கைப்பிடி போதும், உருக்குகிற சூட்டில் பி.வி.சி. கருகி அமிலப் புகை விட்டு, கண்ணாடி மாதிரி வர வேண்டிய சரக்கு மஞ்சளடித்துப்போகும், இயந்திரமும் அரிக்கும். பச்சைப் பாட்டில், பால் மாதிரி வெள்ளைப் பாட்டில், சுடுதண்ணீரிலும் விடாத பசை, இவை ஒவ்வொன்றும் உங்கள் கூலியிலும் தண்ணீரிலும் போய் விழுகின்றன. பாட்டிலை வடிவமைக்கிறவர் இந்தத் தொட்டியைப் பார்த்ததே கிடையாது. அவருக்கு இதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

என்ன செய்யலாம் என்றால், மாட்டுத்தாவணியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ கடை கடையாகப் போய் இருபது வகைப் பாட்டில் வாங்குங்கள். மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை அரைத்துக் கழுவின ஃப்ளேக்ஸ் ஒரு கிண்ணத்தில், கழிவு ஒரு கிண்ணத்தில், எடையோடு. அந்த மேஜையைச் சங்கப் பொதுக்குழுவில் வையுங்கள், கலெக்டரைக் கூப்பிட்டால் அவர் முன்னாலும் வையுங்கள், படம் எடுத்து அந்தந்தக் கம்பெனிக்கும் அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். பரோட்டாக் கடை சால்னா கவரையும் ஒன்று வையுங்கள். அந்த எண்ணெயைக் கழுவ எத்தனை தண்ணீர், அதற்குப் பிறகும் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று பார்க்கிறவர்களுக்கே தெரியும். தூக்குப் பாத்திரத்தில் வாங்குங்கள் என்று நாம் சொல்வது அப்போதுதான் அவர்கள் காதில் ஏறும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 14 பொருளுக்குத் தடை வந்தபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போன தயாரிப்பாளர்கள் உண்டு. மறுசுழற்சிக்காரர்கள் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மறுசுழற்சி செய்ய முடியாத பொருளை முடியாது என்று நீங்களே வெளிப்படையாகச் சொன்னால்தான், முடியும் என்று நீங்கள் சொல்வதை ஊர் நம்பும்.

அப்புறம், கேட்பதற்கு முன்னால் நம் வீட்டைக் கூட்ட வேண்டும். கழுவின தண்ணீரை அப்படியே ஓடையில் விட்டுக் கண்மாய்க்கு அனுப்புகிற யூனிட்டும், கழிவை ராத்திரி கொளுத்துகிற யூனிட்டும் உறுப்பினராக இருக்கும் சங்கம் சுற்றுச்சூழல் என்று வாயெடுத்தால், பக்கத்து ஊர்க்காரர் ஒரே ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. வடிகட்டுகிற தொட்டி இல்லாதவருக்குத் துணைக்குழுவே ஆறு மாதம் தவணை கொடுத்துச் செய்ய வைக்கட்டும், செய்யாதவர் பெயர் மனுவில் வரக்கூடாது. கழிவை அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்பலாம், தனி ஆளுக்கு லாரி வாடகை கட்டாது, பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு லாரி நிரம்பும். இ.பி.ஆர். சான்றிதழிலும் இதே கதைதான். 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகம் என்று சில மறுசுழற்சி நிறுவனங்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ் போட்டிருந்தது வெளியே வந்தது. அரைக்காத பிளாஸ்டிக்குக்குச் சான்றிதழ் விற்றால் அரைக்கிற உங்கள் சான்றிதழுக்கு என்ன விலை கிடைக்கும்? எங்கள் உறுப்பினர்களின் கரண்ட் பில்லையும் எடைச்சீட்டையும் ஒப்பிட்டுத் தணிக்கை செய்யுங்கள் என்று சங்கமே போய்க் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சங்க வாட்ஸ்அப் குழுவில் "நாளையிலிருந்து பாட்டில் கிலோ இவ்வளவுக்கு மேல் யாரும் வாங்கக்கூடாது" என்று போடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதில் சேராதீர்கள். 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் சங்கம் கூடி விலை முடிவு செய்வது சட்டவிரோதம். 2012-ல் சிமெண்ட் கம்பெனிகளோடு அவர்கள் சங்கத்துக்கும் சேர்த்துப் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது, அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அதைவிட, அந்த விலை கடைசியில் யார் தலையில் விழும் என்று யோசியுங்கள், சாக்கைத் தோளில் போட்டு விடியற்காலையில் கிளம்புகிற அம்மாவின் தலையில்தான் விழும். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே அவர்களை அங்கீகரித்து, உள்ளாட்சியோடு சேர்க்கச் சொல்லியிருந்தன. உங்கள் துணைக்குழுவில் அவர்களில் இரண்டு பேருக்கும், இரும்புக்கடைக்காரர் ஒருவருக்கும் இடம் கேளுங்கள். கவுரவத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. எந்தத் தெருவில் பிரித்துத் தருகிறார்கள், எந்தத் தெருவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, மாநகராட்சியிடம் பேசும்போது அந்தத் தெருப் பெயர்கள் வேண்டும்.

புதிதாக மறுசுழற்சிக்கென்றே தனிச் சங்கம் ஆரம்பிக்கலாமா என்று தோன்றும். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்துவிடலாம், சுலபம்தான். ஆனால் வருடா வருடம் பொதுக்குழு, கணக்கு, தேர்தல் என்று அதிலேயே நேரம் போகும். மதுரையில் மடீட்சியா என்கிற சிறுதொழில் சங்கம் இருக்கிறது, 1924-லிருந்து தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கம் இருக்கிறது, இவற்றின் கடிதத் தாளுக்கு ஏற்கெனவே மதிப்பு உண்டு. உங்களைக் கூப்பிட்ட சங்கத்துத் துணைக்குழுவிலேயே உட்கார்ந்து இரண்டு வருடம் வேலை செய்யுங்கள். தேசிய அளவில் பேச வேண்டியதை அந்தச் சங்கம் வழியாக மேலே உள்ள அமைப்புக்கு அனுப்பலாம், அங்கே நேரடியாக உறுப்பினராகிற செலவு இப்போது வேண்டாம்.

கடைசியாக வாரியம் வாசலுக்கு வரும் என்ற பயம். வரத்தான் செய்வார்கள், சங்கத்தில் சேராவிட்டாலும் வருவார்கள். இசைவாணை எந்தத் தேதி வரை இருக்கிறது, அதில் எழுதியிருக்கிற உற்பத்தி அளவும் நீங்கள் உண்மையில் செய்கிற அளவும் ஒன்றா, கழிவுநீர்த் தொட்டி வரைபடத்தில் காட்டின இடத்தில்தான் இருக்கிறதா, இந்த மூன்றையும் சேருவதற்கு முன்னால் பாருங்கள். அளவு கூடியிருந்தால் நீங்களே எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். மறைத்து வைத்துவிட்டு மேடையில் உட்கார்ந்தால் அப்பா பயப்படுவது நியாயம்தான். திருத்தி வாங்கிய பிறகு அந்தப் பயத்துக்கு வேலை இல்லை.

முதல் கூட்டத்துக்கு நீங்கள் மட்டும் போங்கள். இருபது பாட்டிலை மேஜையில் வைக்கிற கூட்டத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், சால்வை எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறை என்ன, மூடி என்ன, உடம்பு என்ன என்று அவர் தட்டித் தட்டிச் சொல்லட்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலையும் மூன்று மாத நோட்டையும் எனக்கு அனுப்புங்கள், அமைச்சகத்துக்குப் போகிற இரண்டு பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.